ஏழு பேர் இருந்தால் ஆட்டம் உண்டு

வாசகர் ஒருவர் கேட்டது — 2025 ஜூன் 22

கோவை மாவட்டக் கால்பந்து லீக் இரண்டாம் டிவிஷனில் சோமனூர்ப் பக்கத்து அணியின் ஆட்டத்தை இன்று பார்த்தேன். 0–4. போன வருடமும் இதே கதைதான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஊரில் பாதிப் பேர் தறியை விட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள். நன்றாக ஆடும் இரண்டு மூன்று பையன்களை நகரத்து அணிகளில் சேர்த்துவிட்டு, அணியைக் கலைத்துவிட்டால் என்ன? தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்காக ஏன் இந்த அலைச்சல்?

ஜூன் 22, இரவு

அந்த வெயிலில் நின்றவர்களில் நானும் ஒருவன். பந்துப் பை என் தோளில்தான் இருந்தது.

கலைத்துவிடலாம் என்று சொல்வது சுலபம். பதினாறு பையன்கள் இருக்கிறார்கள். நகரத்து அணி எடுத்துக்கொள்ளப்போவது இரண்டு பேரை. மீதிப் பதினான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பதினொரு அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம், கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கும். ஒரே ஒரு ஆட்டம்தான் முடிந்திருக்கிறது.

ஜூன் 23

நேற்றுக் கோபத்தில் எழுதியதால் முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த சீசன் ஏன் இப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கம் தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். நூலும் பாவும் ஜவுளி உற்பத்தியாளருடையது. தறியும் உழைப்பும் எங்களுடையது. கூலி உயர்வு கேட்டு மார்ச் 19 அன்று தறிகளை நிறுத்தினோம். ஏறக்குறைய ஒரு மாதம் ஓடவில்லை. என் எட்டுத் தறியும் நின்றன. அந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவில் கேட்ட அமைதி இன்னும் காதிலேயே இருக்கிறது. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூக்கமே வரவில்லை.

அணிக்குப் பணம் வருவது இந்தத் தறிக்காரர்களிடமிருந்துதான். வருடா வருடம் சித்திரையில் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒரு மாதம் அடுப்பெரியச் சிரமப்பட்டவர் வாசலில் இந்தச் சித்திரையில் எப்படிப் போய் நிற்பது? போகவில்லை. ஆகவே புதுப் பந்து வாங்கவில்லை, புது ஜெர்சி இல்லை, ஏப்ரல் முழுவதும் பயிற்சியும் சரியாக நடக்கவில்லை. நேற்றைய நான்கு கோலில் இரண்டு கடைசிப் பத்து நிமிடத்தில் விழுந்தவை. கால் ஓயும் நேரம் அது.

ஜூன் 29

1–3. கோல்கீப்பர் கையில் விழுந்த பந்தை இரண்டு முறை நழுவவிட்டான். இரண்டும் நேராகக் கைக்கு வந்தவை. இந்த மட்டத்தில்கூட அதை மன்னிக்க முடியாது. கவனம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனோடு நான் பேசவில்லை.

ஜூலை 1

மேலே கோல்கீப்பரைப் பற்றி எழுதியது தவறு. அதை அழிக்கப்போவதில்லை, அதற்குக் கீழேயே திருத்தம் எழுதுகிறேன்.

நேற்று மாலை அவன் கையுறையை வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் இருக்கும் ரப்பர் நுரை, விரல்கள் தொடங்கும் இடத்தில் முழுதாகப் பெயர்ந்து உள்ளே இருக்கும் துணி தெரிகிறது. வலது கையில் கட்டைவிரல் தையல் விட்டுப்போய், உள்ளே டேப் சுற்றியிருக்கிறான். பந்து ஈரமாக இருந்தால் அந்தத் துணியில் நிற்கவே நிற்காது. ஞாயிறு காலையில் தூறல் விழுந்திருந்தது. பையன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை என்பது அவனுக்கும் தெரியுமே.

வீட்டில் தையல் மெஷினில் கட்டைவிரலைத் தைத்தேன். நுரைக்கு மெஷின் ஊசி ஒத்துவரவில்லை, துளை பெரிதாகிக் கிழிகிறது. பிறகு கை ஊசியில் நைலான் நூல் கோத்து, நெருக்கமாக இல்லாமல் அரை விரல் இடைவெளி விட்டுத் தைத்தேன். நின்றுவிட்டது. உள்ளங்கைக்கு ஒன்றும் செய்ய முடியாது, புதிது வாங்கத்தான் வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு அருகே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மாமாவிடம் கடன் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 6

1–1. முதல் புள்ளி!

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனியும் ஆடியும் எங்களுக்குக் காற்று மாதங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை எங்கும் சுவர் மாதிரி நிற்க, பாலக்காட்டில் பெரிய கணவாய் ஒன்று விட்டிருக்கிறது. தென்மேற்குக் காற்று அந்த வழியாகப் புகுந்து நேராக எங்கள் ஊர்களின் மேல் வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். எங்கள் பயிற்சி மைதானம் கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்குக் கோலைப் பார்த்து நம் கோல்கீப்பர் உயரமாக உதைத்தால் பந்து நடு மைதானம் வரை போகும், அங்கே ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு திரும்பி அவனை நோக்கியே வரும். வெளியூர் அணிகள் இதைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். எங்கள் பையன்கள் இதிலேயே வளர்ந்தவர்கள். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் பந்தை முழங்காலுக்கு மேலே எழும்ப விடக்கூடாது. காற்றோடு ஆடும் பாதியில் தூரத்திலிருந்தே அடிக்க வேண்டும்.

இன்றைய மைதானமும் கிழக்கு மேற்குதான். டாஸ் நமக்கு விழுந்தது. கேப்டன் முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடத் தீர்மானித்தான். நான் வேண்டாம் என்று கையசைத்தேன், அவன் கண்டுகொள்ளவில்லை. அவன் செய்ததே சரி. மத்தியானத்துக்கு மேல் காற்று வலுக்கும் என்பதைப் பையன் கணக்குப் போட்டிருக்கிறான். 70ஆவது நிமிடத்தில் நாற்பது கஜத்துக்கு அப்பாலிருந்து எங்கள் பின்வரிசை பேக் ஒருவன் அடித்த பந்து, காற்றில் மிதந்து, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் விழுந்தது.

ஜூலை 8

செவன்ஸ் ஆடப் போகலாமா என்று கேட்டிருந்தவருக்கு.

மலப்புரம், பாலக்காடு பக்கம் ஏழு பேர் ஆடும் போட்டிகள். கார்த்திகை தொடங்கிச் சித்திரை வைகாசி வரை, அறுவடை முடிந்த வயலில் பாக்கு மரமும் மூங்கிலும் கொண்டு கேலரி கட்டி, விளக்குப் போட்டு ராத்திரியில் ஆடுவார்கள். கூட்டம் பிதுங்கும். ஆட்டக்காரனுக்கு அன்றைக்கே கையில் பணம். எங்கள் பார்வர்டு போன ஏப்ரலில் அங்கே ஆடப் போய் முழங்காலை முறுக்கிக்கொண்டு வந்தான். ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். இந்த சீசன் அவனுக்கு இல்லை. நாங்கள் கோல் அடிக்காததற்குப் பாதிக் காரணம் இது.

மே மாதத்தில் அவனைத் திட்டினேன். ஊர் அணியை நினைத்தாயா என்று கேட்டேன். அவன் அப்பா என்னிடம் வந்து நின்றபோதுதான் கதை முழுதும் தெரிந்தது. தறி நின்ற அந்த மாதத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் அவன் ஆடிக் கொண்டுவந்த பணம். ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அவன் வாங்கியது அவன் அப்பாவின் ஒரு வாரக் கூலி. இது தெரிந்த பிறகு என்னால் செவன்ஸைக் குறை சொல்ல முடியவில்லை. போகிறவர்கள் பூட்ஸுக்குள் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போங்கள், ஈரமான தரையில் இரண்டு ஆட்டம் தொடர்ந்து ஆடாதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

அவன் இப்போது கைத்தடியோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறான். கோட்டுக்கு வெளியே நின்று பார்வர்டுகளுக்கு இடம் சொல்லிக்கொடுக்கிறான். என் குரலைவிட அவன் குரலைத்தான் பையன்கள் கேட்கிறார்கள்.

ஜூலை 13

0–6.

ஜூலை 15

வெளிநாட்டு அணிகளைச் சொல்லி, அங்கேயெல்லாம் காசு இருக்கிறது, இங்கே எப்படி என்று ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் போர்ட் வில்லியம் என்று ஓர் ஊர், பென் நெவிஸ் மலையடியில். அந்த ஊர் அணி 2018–19 சீசனில் ஹைலேண்ட் லீகில் 34 ஆட்டம் ஆடியது. ஒரு வெற்றி இல்லை. இரண்டு டிரா. வாங்கிய கோல் 245. விதிமீறலுக்காக ஒன்பது புள்ளி பிடித்துக்கொண்டதால் சீசன் முடிவில் கையில் மைனஸ் 7. அந்த அணியும் அடுத்த சீசனில் களத்தில் இறங்கியது. நமக்கு ஆறு கோல் விழுந்த ராத்திரியில் இந்த எண்களை எடுத்துப் பார்த்தேன். மனது கொஞ்சம் நின்றது.

இன்னொன்று பரி. இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய அணி, 1900இலும் 1903இலும் எப்.ஏ. கோப்பை வென்ற அணி. கடன் தொல்லையில் சிக்கி, 2019 ஆகஸ்டில் லீகை விட்டே நீக்கப்பட்டது. தோல்வியால் நேர்ந்ததன்று, அதற்கு முந்தைய சீசனில் மேல் டிவிஷனுக்கு உயர்ந்திருந்தார்கள். நோட்டில் கணக்கு சரியில்லாததால் போனது. நாம் பயப்பட வேண்டியது இந்த மாதிரி முடிவுக்கு. 0–6க்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வரும். கணக்கு நோட்டு மூடிவிட்டால் வராது.

லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணி கதையையும் சொல்லிவிடுகிறேன். அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கூடி, பொதுப் புல்வெளியில் வருகிறவர்களை ஆடவைத்துப் பார்த்து, புதிதாக ஓர் அணியைச் சேர்த்தார்கள். கீழ்மட்ட லீகிலிருந்து தொடங்கி, ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி, 2011இல் இங்கிலாந்தின் புட்பால் லீகுக்குள் வந்து சேர்ந்தார்கள். காசு பிறகு வந்தது. முதலில் வந்தது புல்வெளியில் நின்ற ஆட்கள்.

ஜூலை 20

1–2. எங்களை வென்ற இந்த அணியும் எங்களைப் போலக் கடைசியில் தத்தளிக்கிற அணிதான். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நான்கு பேரில் மூன்று பேர் வரவில்லை. கப்பலேற்ற வேண்டிய சரக்கு அவசரமாம், ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் பையன் ராத்திரி ஷிப்ட் முடித்து, திருப்பூரிலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்து, தூங்காமல் ஆடினான். 60ஆவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தவன் பூட்ஸைக் கழற்றாமலேயே தூங்கிவிட்டான். ஆட்டம் முடிந்து எழுப்பினால், ஸ்கோர் என்ன என்று கேட்கிறான்.

ஜூலை 24

இந்த வாரம் எங்களுக்கு ஆட்டம் இல்லை. பதினொரு அணி என்பதால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் சும்மா இருக்க வேண்டும்.

2019 பற்றி எழுதச் சொன்னார்கள். மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி அப்போது கோவையில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஐ–லீக் என்ற தேசியப் போட்டியின் கடைசி நாள். அவர்கள் ஜெயித்தால் சாம்பியன். ஜெயிக்காவிட்டால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் அது சாம்பியனாகிவிடும் நிலைமை. எங்கள் ஊர்ப் பையன்கள் பதினான்கு பேரை ஒரு மினி லாரியில் அழைத்துப் போனேன். எல்லோருக்கும் பத்து, பன்னிரண்டு வயது. தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளையில் பையன்கள் யாரும் வாங்கிக் கொடுத்த கடலையைத் தொடவில்லை. பின்பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு. 3–1. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒன்றே ஒன்று அதிகம். ஐ–லீகை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

மூன்று ஆண்டுக்குள் அந்த அணி ஐ–லீகில் இல்லாமல் போய்விட்டது. கோப்பை வாங்கிய அணிக்கே அந்தக் கதி.

ஆனால் அன்று லாரியில் வந்த பதினான்கு பையன்களில் ஒன்பது பேர் இப்போது எங்கள் அணியில் ஆடுகிறார்கள். கோல்கீப்பர் அவர்களில் ஒருவன். அந்த டிக்கெட்டை இன்னும் பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்திருப்பதாக அவன் அம்மா சொன்னார்கள். முதல் நாள் கேட்டவருக்கு இதைத்தான் அன்றே பதிலாக எழுதியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இன்று நடந்ததை விவரமாக எழுதுகிறேன். கை இன்னும் படபடக்கிறது.

காலை ஏழு மணிக்கு ரயில் நிலையம் அருகே கூடுவதாக ஏற்பாடு. ஏழரைக்கு எண்ணினேன், ஐந்து பேர். ஆடிப் பதினெட்டு அன்று ஆட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? வைகாசியில் கல்யாணமான எங்கள் லெப்ட் பேக், மனைவிக்குத் தாலிக்கயிறு மாற்ற பவானி கூடுதுறைக்குப் போயிருக்கிறான். அவனை வா என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்தியூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர்கள் இரண்டு பேர். கம்பெனிக்காரர்களில் மூன்று பேருக்கு இன்றும் வேலை. காந்திபுரத்தில் இறங்கும்போது ஆறு பேர். மைதான வாசலில் ஏழாவது ஆள், காய்ச்சலோடு.

ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கக்கூடாது, நடத்தவும் கூடாது. விதிப்புத்தகம் மூன்றாவது விதி. ஏழு இருந்தால் உண்டு. நடுவர் இரண்டு முறை எண்ணினார். பட்டியலில் பதினாறு பெயரையும் எழுதச் சொன்னேன், பெயர் எழுதியிருந்தால் தாமதமாக வருகிறவனும் நடுவர் அனுமதியோடு உள்ளே போகலாம் என்பதற்காக.

பின்னால் மூன்று, நடுவில் இரண்டு, முன்னால் ஒன்று, கோல்கீப்பர். எதிரில் பதினொருவர். இடைவேளையில் 0–3. எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர். "அண்ணா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா? பையன்கள் பாவம்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கேப்டன், "வேண்டாம் சார், முழுதாக ஆடிவிடுகிறோம்" என்றான்.

52ஆவது நிமிடத்தில் ஓவர்லாக் பையன் பைக்கில் வந்து சேர்ந்தான். எட்டுப் பேர். 60ஆவது நிமிடத்தில் காய்ச்சல்காரனை வெளியே அனுப்பினேன். மறுபடி ஏழு. 75ஆவது நிமிடத்தில் நடு ஆட்டக்காரனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அவன் வெளியே போனால் ஆறு பேர்; ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். அவன் புல்லில் படுத்திருக்கிறான். எதிரணிப் பையன் ஒருவன் ஓடிவந்து அவன் காலைத் தூக்கிப் பாதத்தை மடக்கிப் பிடித்து நீவிவிட்டான். கேட்காமல் வந்து செய்தான். நம்மவன் எழுந்து நின்று, நொண்டி நொண்டி, மீதிப் பதினைந்து நிமிடமும் நடு வட்டத்தைவிட்டு நகரவில்லை.

0–5.

கடைசி விசில் ஊதியதும் கூட்டத்தில் இருந்த எல்லோரும், எதிரணி ஊர்க்காரர்களும் சேர்ந்து, எழுந்து கை தட்டினார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன அரிசிம்பருப்புச் சாதம் பதினைந்து பேருக்கானது. மிச்சத்தை எதிரணிப் பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். நெய் போதவில்லை.

ஆகஸ்ட் 5

"ஆடாமல் விட்டிருந்தால் 0–3 என்றுதானே பதிவாகியிருக்கும், இரண்டு கோல் மிச்சமாகியிருக்குமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு சரி. ஞாயிறு ராத்திரி எனக்கும் அந்த எண்ணம் வந்தது. கோல் வித்தியாசத்தில் கீழே இறங்கினால் இந்த இரண்டு கோலை நினைத்து வருந்த வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்கிறேன். நேற்றுப் பயிற்சிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். இந்த சீசனில் திங்கட்கிழமை மாலை இத்தனை பேர் வந்ததே இல்லை. லெப்ட் பேக் பவானியிலிருந்து திரும்பியவுடன் நேராக வந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். யாரும் கேட்கச் சொல்லவில்லை. இரண்டு கோலைக் கொடுத்து இதை வாங்கியிருக்கிறோம் என்றால் எனக்குச் சம்மதம்.

ஒரு திருத்தம்: காய்ச்சல்காரனை அனுப்பியது 60ஆவது நிமிடத்தில் இல்லை, 68ஆவது நிமிடத்தில். பார்வர்டு எழுதிவைத்த குறிப்பில் இருக்கிறது. அவனை இன்னும் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10

0–0. கோல்கீப்பர், புதுக் கையுறை. ஏழு பந்தைத் தடுத்தான். ஒன்றுகூட நழுவவில்லை.

ஆகஸ்ட் 12

ஏழு ஆட்டத்தில் 2 புள்ளி. எங்களுக்கு மேலே ஒன்பதாம் இடத்தில் இருப்பவர்களுக்கு 6. மூன்று ஆட்டம் மீதி. வெற்றிக்கு மூன்று புள்ளி என்பதால் இரண்டை ஜெயித்தால் 8. ஒன்றை ஜெயித்து ஒன்றை டிரா செய்தால்கூட 6 ஆகிவிடும், அப்புறம் கோல் வித்தியாசம். தப்பிக்க வழி இருக்கிறது.

ஆகஸ்ட் 13

நேற்றுப் போட்ட கணக்கில் பிழை. எங்கள் போட்டி விதியில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது இருவரும் மோதிய ஆட்டத்தின் முடிவை, கோல் வித்தியாசத்தை அப்புறம்தான். ஒன்பதாம் இடத்து அணியிடம் ஜூலை 20 அன்று 1–2 என்று தோற்றிருக்கிறோம். ஆகவே சமமாவது போதாது, தாண்ட வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று வாங்கிய ஐந்து கோலால் பாதகம் இல்லை என்பது இதில் ஒரு நல்ல சேதி.

ஆகஸ்ட் 17

2–3. இரண்டு முறை முன்னிலையில் இருந்தோம். எழுத மனம் இல்லை.

ஆகஸ்ட் 24

ஜெயித்துவிட்டோம். 1–0. கார்னரிலிருந்து லெப்ட் பேக்கின் தலை. கைத்தடிப் பார்வர்டு தடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடப் பார்த்தான், நாலு பேர் பிடித்து உட்கார வைத்தோம். ரயிலில் வரும்போது பெட்டி முழுக்கப் பாட்டு. சோமனூரில் இறங்கியதும் தண்டவாளத்துக்கு அப்பால் யாருடைய தறியோ ஓடும் சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

5 புள்ளி. ஒன்பதாம் இடத்துக்காரர்கள் இன்று டிரா செய்து 7. கடைசி வாரம் அவர்களுக்கு ஆட்டம் இல்லை. நாங்கள் ஜெயித்தால் 8, தப்பித்தோம். வேறெதுவும் உதவாது.

ஆகஸ்ட் 28

ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினாறு பேரும் வருகிறார்கள். சீசனில் முதல் முறை. காரணத்தைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நேற்றிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருக்கிறது. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுவிட்டது, ஷிப்டும் குறைகிறது. "இனி எல்லா ஞாயிறும் வருவேன் அண்ணா" என்று ஓவர்லாக் பையன் சொன்னான். ஜூலை மாதம் முழுவதும் இந்தப் பையன்களுக்கு ஞாயிறு லீவு கிடைக்காதா என்று நான் ஏங்கியது நினைவுக்கு வந்தது. இப்படிக் கிடைக்கட்டும் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31

2–2. கீழே இறங்கிவிட்டோம். 6 புள்ளி, ஒரு புள்ளி குறைவு.

80ஆவது நிமிடம் வரை 2–1 என்று முன்னிலை. அவர்கள் அடித்த இரண்டாவது கோல் ஆப்சைடு, அடித்தவன் எங்கள் பேக்குகளைத் தாண்டி நின்றான் என்று எங்கள் ஆட்கள் லைன்ஸ்மேனிடம் போனார்கள். நான் அதே கோட்டில் நின்றிருந்தேன். ஆப்சைடு இல்லை. எங்கள் வலது பேக் ஒரு காலடி பின்தங்கி நின்றான், அதனால் கோலடித்தவன் அவனைத் தாண்டவில்லை. ஊரில் யாரும் லைன்ஸ்மேனைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரும் கார்னருக்கு முன்னால் ஓடினான். பந்து அவன் தலையில் பட்டுக் கம்பத்தின் மேலே போனது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கையுறையைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புல்லில் வைத்தான். முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தது கைத்தடிக்காரன்.

செப்டம்பர் 2

"இப்போது கலைத்துவிடுவீர்களா" என்று முதல் நாள் கேட்டவரே கேட்டிருக்கிறார்.

நேற்று மாலை நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினோம், நானும் கேப்டனும். பதினோரு வீடு. "இல்லை" என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பாட்டி பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணி நூறு கொடுத்துவிட்டு, ஆடிப்பெருக்கு அன்று காய்ச்சலோடு ஆடிய பையன் யார் என்று கேட்டார். அவர் பேரன் சொல்லித்தான் அந்த ஆட்டம் அவருக்குத் தெரியுமாம். கூலி உயர்வுப் பணம் இன்னும் சில இடங்களில் கைக்கு வரவில்லை, வந்ததும் தருகிறேன் என்று மூன்று பேர் சொன்னார்கள். பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கையுறைக் கடன் இன்று தீர்ந்தது.

பார்வர்டுக்கு ஆபரேஷன் இந்த மாதக் கடைசியில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்யலாமா என்று விசாரிக்கிறோம். அந்த அட்டையில் முழங்கால் ஜவ்வுக்குச் செய்துகொண்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

அடுத்த சீசன் மூன்றாம் டிவிஷன். கிழக்குக் கோல் வலை எலி கடித்து இரண்டு இடத்தில் பெரிய ஓட்டை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிறேன். நைலான் கயிறு என்னிடம் இருக்கிறது. ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.